ஏற்றலும் ஓர் அறம்

ஈதல் அறம் என்பதை எவரும் மறுக்கார். விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம், ஒப்புரவுக்கு ஓர் அதிகாரம், ஈகைக்கு ஓர் அதிகாரம் என வள்ளுவர் வகுத்து வைத்தார். கொடுத்துச் சிவந்த கைகளைப் பாடிப் பாடி வளர்ந்த இனம் நம் இனம். ஆனால், பிறர் அன்போடு தருவதை ஏற்றுக்கொள்ளுதலும் அறமாகுமா என்று நாம் என்றேனும் வினவிப் பார்த்ததுண்டா? ஏற்பது இழிவு என்று பிள்ளைப் பருவத்திலேயே ஆத்திசூடி வழியாகப் பயின்றோம். இரத்தலுக்கு அஞ்சுமாறு வள்ளுவரும் எச்சரித்தார். அதனால் கொடுக்கும் கையை மேலாகவும் கொள்ளும் கையைக் கீழாகவும் எண்ணிப் பழகிவிட்டோம். ஒரே சுவருக்கு இருபுறமும் இரு சமயத்தார் வாழும் மும்பை போன்ற நகரில் இவ்வெண்ணம் நமக்குப் போதுமானதா என்பதை, ரமலான் நோன்பை முன்வைத்து எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நோன்பு என்னும் சொல்

ரமலான் மாத விரதத்தைத் தமிழ் முஸ்லிம்கள் ‘நோன்பு’ என்றே வழங்குகின்றனர். வணக்கம் ‘தொழுகை’, வணங்கும் இடம் ‘பள்ளிவாசல்’, திருநாள் ‘பெருநாள்’. இவை அனைத்தும் தமிழ்ச் சொற்கள். மார்கழியில் நோற்பது பாவை நோன்பு. மாசியும் பங்குனியும் சந்திக்கும் நாளில் நோற்பது காரடையான் நோன்பு. சமண முனிவரும் பௌத்தத் துறவியரும் தங்கிய இடங்களுக்கு முன்னாளில் வழங்கிய பெயர் பள்ளி. ஒரு சமயத்தார் வைத்திருந்த சொல்லை மற்றொரு சமயத்தார் கூச்சமின்றி ஏற்றுக்கொண்டனர். ஏற்றதனால் அவர்கள் சிறுமையுறவில்லை, தமிழ்தான் பெருமையுற்றது. ஏற்றலின் பெருமைக்கு நம் மொழியே முதற்சான்று எனலாம்.

வைகறைக்கு முன் தொடங்கிக் கதிரவன் மறையும் வரை உணவையும் நீரையும் நீக்கியிருத்தல் இந்நோன்பின் விதி. நோயுற்றோரும் வழிச் செல்வோரும் அதனைப் பின்னொரு நாளில் நிறைவு செய்யலாம். நோற்கவே இயலாதவர்க்குத் திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் காட்டும் மாற்று வழி, ஓர் ஏழைக்கு உணவளித்தல். ஒருவர் நோன்பு திறக்க உணவு கொடுத்தவருக்கு அந்நோன்பாளி பெறும் நற்பேற்றுக்கு இணையான பேறு உண்டு என்பதும், அதனால் நோன்பாளியின் பேறு சிறிதும் குறையாது என்பதும் நபிகள் நாயகத்தின் வாக்காகப் போற்றப்படுகின்றன. பசியைப் பொறுக்கும் ஆற்றலினும் பிறர் பசியைப் போக்கும் ஆற்றலே முன்னிற்பது என்று ஈகை அதிகாரத்தில் வள்ளுவர் முடிவு கூறுகிறார். பசித்திருப்பது பிறர் பசியை அறிவதற்காகவே என்பதில் இருவழியும் ஒன்றுபடுதலைக் காண்கிறோம்.

ஆனால் ஒன்றை இங்கே கூர்ந்து நோக்க வேண்டும். உணவு கொடுத்தவருக்குப் பேறு கிட்ட வேண்டுமாயின், அதனை ஏற்பதற்கு ஒருவர் இருக்க வேண்டும் அன்றோ? ஏற்பவர் இல்லையேல் ஈவாருக்குப் புண்ணியமும் இல்லை, புகழும் இல்லை. இவ்வுண்மையை நாம் நூல்களிலிருந்து கற்றுக்கொண்டோமில்லை. ஒரு பித்தளைத் தூக்குப் பாத்திரம் நமக்குக் கற்பித்தது.

தாராவியில் ஒரு பாத்திரம்

தாராவி தமிழர்க்குப் புதிய ஊர் அன்று. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழர் பலர், அவருள் முஸ்லிம்களும், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அங்கே தோல் பதனிடும் தொழிலில் ஈடுபட்டனர். அங்குள்ள பெரிய பள்ளிவாசல் 1887இல் தோன்றியது; பழமையான கணேசர் கோயில் 1913இல் எழுந்தது. அத்தாராவியின் சந்து ஒன்றில்தான் நம் இளமை கழிந்தது. நம் குடும்பம் சைவ உணவு உண்ணும் குடும்பம். அடுத்த வீட்டார் தோற்பை தைத்து விற்கும் தமிழ் முஸ்லிம்கள். இரு வீட்டாரும் நெல்லைத் தமிழே பேசினர். நம் தாயார் அவ்வீட்டு அம்மையாரை ‘அக்கா’ என்பார். அவர் நம் தாயாரைத் ‘தங்கச்சி’ என்பார்.

ஆண்டுதோறும் ரமலான் மாதத்தில் சில நாள்கள் மாலையில் அவ்வீட்டிலிருந்து ஒரு தூக்குப் பாத்திரத்தில் நோன்புக் கஞ்சி வரும். பச்சரிசி நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, இஞ்சி, புதினா, தேங்காய்ப்பால் ஆகியன சேர்த்துக் காய்ச்சிய கஞ்சி அது. நாள் முழுதும் ஒட்டிக் கிடந்த வயிற்றுக்கு இதமாகவும், வெம்மை தணிப்பதாகவும் அமைந்த உணவு. பொதுவாக அதில் கொத்துக்கறியும் சேர்ப்பதுண்டு. நமக்கென அவர்கள் கறி சேர்க்காமல் தனியே காய்ச்சி அனுப்புவர். நம் தாயார் இரு கைகளாலும் அதனை வாங்கிக்கொள்வார். பிறகு, எவரும் காணாத நேரம் பார்த்துக் கொல்லைப்புறச் சாக்கடையில் ஊற்றிவிடுவார். கறி சமைத்த அடுப்பு, கறி கிளறிய அகப்பை என்பது அவர் மனத்தில் இருந்த தடை. பாத்திரத்தைத் துலக்கி, வெறும் பாத்திரமாகக் கொடுத்தலாகாது என்று சிறிது சர்க்கரை இட்டுத் திருப்பி அனுப்புவார். “கஞ்சி எப்படி இருந்தது?” என்று கேட்டால், “ரொம்ப நல்லா இருந்ததுக்கா” என்பார். ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் இவ்வாறே கழிந்தன. நாமும் அதனைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தோம். பிழையென்று ஒருநாளும் நமக்குத் தோன்றவில்லை.

அதே அம்மையார் பொங்கலின்போது நடந்துகொண்ட முறையை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். “சாமிக்குப் படைக்குமுன்ன எடுத்துக் கொடு தங்கச்சி, படைச்சது எங்களுக்கு ஆகாது” என்று அவர் வாசலில் நின்று வெளிப்படையாகச் சொல்வார். தாயாருக்கு அதில் வருத்தம் ஏதும் எழுந்ததில்லை. பானையிலிருந்து முதலில் ஒரு பங்கு எடுத்து அனுப்பிவிட்டே படையலிடுவார். அவர் தம் நெறியைச் சொல்லி, நம் உணவை உண்டார். நாமோ நம் நெறியை மறைத்து, அவர் உணவைக் கொட்டினோம். இவற்றுள் எது நட்பு?

1993ஆம் ஆண்டு

1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் அந்நாளைய பம்பாய் பற்றியெரிந்ததை இம்மலரைப் படிக்கும் மூத்தோர் அறிவர். ஏறத்தாழ 900 பேர் மாண்டனர் என்று நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் கணக்கிட்டது. தாராவியும் தப்பவில்லை. ஜனவரியில் ஊரடங்கு நீடித்த நாள்களில் கடைகள் திறக்கவில்லை; நம் வீட்டில் மண்ணெண்ணெய் தீர்ந்தது; அடுப்பு மூட்ட வழியில்லை. அடுத்த வீட்டார் தம் பட்டறையில் கிடந்த பலகைத் துண்டுகளை எரித்து உலை வைத்தனர். அம்மையார் பின்சுவரின் மேலாக அதே தூக்குப் பாத்திரத்தை நீட்டினார். அதில் வெறும் அரிசிக் கஞ்சியும் உப்பும் இருந்தன. அதே அடுப்பு; அதே அகப்பை. நாம் அனைவரும் குடித்தோம். நம் தாயாரும் குடித்தார்.

பசித்தபோது அக்கஞ்சி உண்ணத்தக்கதாயிற்று. பசியாதபோது அது சாக்கடைக்கு உரியதாயிருந்தது. அப்படியாயின் அத்தனை ஆண்டும் நாம் காத்துவந்தது ஆசாரமா, அன்றி வயிறு நிறைந்தோரின் செருக்கா? பன்னிரண்டு வயதில் இவ்வினாவைச் சொல்லாக்கிக் கேட்க நமக்குத் தெரியவில்லை. ஆனால் தாயாரின் முகத்தில் அது எழுந்து நின்றதைக் கண்டோம்.

ஜனவரி இறுதியில் அவ்வீட்டுப் பெண்டிரும் பிள்ளைகளும் அச்சத்தால் ஊருக்குச் சென்றுவிட்டனர். கடையைக் காக்கப் பெரியவர் ஒருவர் மட்டும் தங்கினார். பிப்ரவரி இறுதியில் நோன்பு பிறந்தது. கஞ்சி காய்ச்ச ஆளில்லாத வீட்டில் அவர் பேரீச்சம்பழமும் நீரும் கொண்டு நோன்பு திறப்பதைத் தாயார் இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் தாமே நோன்புக் கஞ்சி காய்ச்சுவது என்று முடிவு செய்தார். அடுப்பின் முன் அமர்ந்தபோதுதான் அவருக்கு ஓர் உண்மை விளங்கியது. ஆறு ஆண்டுகள் அக்கஞ்சி நம் வீட்டுக்கு வந்திருந்தும் அதன் சுவை அவருக்குத் தெரியாது. ஒரு வாய்கூட உண்டதில்லை அன்றோ! மணத்தை மட்டும் நினைவிற்கொண்டு, நொய்யும் பருப்பும் பூண்டும் வெந்தயமும் குத்துமதிப்பாக இட்டுக் காய்ச்சி நம் கையில் கொடுத்தனுப்பினார்.

பெரியவர் பாங்கு ஒலி கேட்டதும் பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்து, கஞ்சியை முழுதும் குடித்தார். பாத்திரத்தைத் தாமே கழுவி, ஒரு கைப்பிடிப் பேரீச்சம்பழம் இட்டு நம்மிடம் கொடுத்து, “அம்மாட்ட சொல்லு தம்பி, வெந்தயம் கொஞ்சம் கூடிப்போச்சு, கசக்குது” என்றார். வந்து சொன்னோம். தாயார் முதலில் சிரித்தார். பிறகு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. அவர் உள்ளத்தில் ஓடியதைப் பல ஆண்டுகளுக்குப் பின்னரே உணர்ந்தோம். உண்டவருக்கே குறை சொல்லும் உரிமை உண்டு. ஆறு ஆண்டுகளாக ஒரு குறையும் சொல்லாமல் ‘நன்றாயிருந்தது’ என்று மட்டுமே கூறிவந்தோமே, அதுவே நாம் உண்ணவில்லை என்பதற்குச் சான்று.

மறுநாள் வெந்தயம் குறைந்தது. அம்மாதம் முழுதும் பாத்திரம் போய்வந்தது. அந்நோன்புக் காலத்தின் இடையே, மார்ச் 12ஆம் நாள், நகரின் பல இடங்களில் குண்டுகள் வெடித்து 257 பேர் உயிரிழந்தனர். சந்தில் எவரும் எவர் முகத்தையும் நோக்காத மாலை அது. அன்றும் தாயார் கஞ்சி காய்ச்சினார். “இன்றைக்கு வேண்டாம்” என்று தந்தையார் தடுத்தார். “அவர் இன்றைக்கும் நோன்புதானே இருக்கிறார்?” என்று மட்டும் தாயார் கேட்டார். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு நாம் சென்றோம்.

அடுத்த ஆண்டு அம்மையார் திரும்பி வந்திருந்தார். வழக்கம்போல் கஞ்சி வந்தது. தாயார் வாசலிலேயே ஒரு குவளையில் ஊற்றிக் குடித்து, “உப்பு கொஞ்சம் பத்தலைக்கா” என்றார். அம்மையார் அவரைச் சற்று நேரம் உற்று நோக்கிவிட்டு, “இப்பத்தான் தங்கச்சி நீ எங்க கஞ்சியக் குடிச்சிருக்க” என்றார். அவர் முன்பே அறிந்திருந்தார்! அறிந்தும் ஆண்டுதோறும் அனுப்பிவந்தார். அவருடைய ஈகையின் உயரத்தை நாம் இன்றும் அளந்து முடித்தோமில்லை.

கொடுப்பது எளிது, கொள்வது அரிது

சமய நல்லிணக்கம் பற்றி மேடைகளில் பேசுகிறோம். தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் பல வீடுகளுக்கு அனுப்புகிறோம். அது நன்றே, ஆயினும் அஃது எளிய செயல். கொடுக்கும்போது நாம் உயர்ந்து நிற்கிறோம். நம் சமையலறையும் நம் வழக்கமும் நம் பெருமையும் நம்மிடமே இருக்கின்றன. கொள்ளும்போதோ அயலான் அடுப்பை நம்ப வேண்டும். அவன் கைத்தூய்மையை நம்ப வேண்டும். அவனுக்கு நாம் கடன்பட வேண்டும். கடன்படவே மனமில்லாதவன் நண்பனாக முடியாது. அவன் வள்ளலாக மட்டுமே இருக்க விரும்புகிறான். அவன் விரும்புவது அண்டை வீட்டாரை அன்று, தன்னை வாழ்த்துவோரை.

ரமலான் இரவுகளில் முகமது அலி சாலைக்குச் சென்று மினாரா பள்ளிவாசலை அடுத்த தெருவில் ஃபிர்னியும் மால்புவாவும் உண்டு மகிழ்வோர் நம்மிலும் பலர் உளர். அது தவறன்று. ஆனால் காசு கொடுத்து உண்பதில் கடன் இல்லை. கடன் இல்லாத இடத்தில் உறவும் மெலிந்தே நிற்கும். நோன்பு திறக்கும் இஃப்தார் மரபினை 2023இல் யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலிட்டது. உலக மன்றம் ஏற்றது. நம் மாடிப்படிக்கு எதிர்வீட்டில் நாம் ஏற்றோமா என்பதே நம்மை நோக்கிய கேள்வி.

ஒருவர் இங்கே வினவலாம்: “ஏற்றல் அறமென்றால் நம் உணவு நெறியைக் கைவிட வேண்டுமா?” வேண்டியதில்லை. புலால் உண்ணாமை வள்ளுவர் போற்றிய நெறி. அதனை விடச் சொல்வது நம் கருத்தன்று. நெறியை விட வேண்டாம். மறைக்க வேண்டாம் என்பதே நாம் சொல்வது. “இதனை உண்ணுவோம், இதனை உண்ணோம்” என்று முகம் நோக்கிச் சொல்வதில் அவமதிப்பு இல்லை. படைத்த பொங்கல் ஆகாது என்ற அம்மையார் நம்மை அவமதித்தாரில்லை. மறைவில் கொட்டுவதே அவமதிப்பு. கறியில்லாத கஞ்சி ஒரு குவளையாயினும், பேரீச்சம்பழம் ஒன்றாயினும், மனமொப்ப ஏற்கக்கூடியது ஒன்று எந்த இல்லத்திலும் இருக்கும்.

நெறியும் நட்பும் ஒருங்கே நிற்க இயலும் என்பதற்குச் சென்னையில் ஒரு சான்று உண்டு. நாட்டுப் பிரிவினையின்போது சிந்து மாநிலத்திலிருந்து ஏதிலியாக வந்தவர் தாதா ரத்தன்சந்த். அவர் வழிவந்த சிந்தி இந்துக்கள் மயிலாப்பூரில் சூஃபிதார் என்னும் அறநிலையத்தை நடத்துகின்றனர். பல்லாண்டுகளாக ரமலான் மாதத்தில் அவர்கள் சைவ உணவு சமைத்து, திருவல்லிக்கேணியில் 1795இல் எழுந்த வாலாஜா பெரிய பள்ளிவாசலுக்குக் கொண்டுசென்று, ஏறத்தாழ ஆயிரம் நோன்பாளிகளுக்குத் தம் கையாலேயே பரிமாறி வருகின்றனர். இச்செய்தியைக் கேட்போர் கொடுப்போரைப் பாராட்டுவர், பாராட்டுதல் முறையே. ஆயினும் ஏற்பவர்களையும் எண்ணிப் பாருங்கள். பிற சமயத்தார் அடுப்பில் சமைத்ததை, தம் புனித மாதத்தில், தம் பள்ளிவாசலின் உள்ளேயே அமர்ந்து உண்கின்றனர். கொடுத்தோர் தம் சைவ நெறியை விடவில்லை. கொண்டோர் தம் நோன்பு நெறியை விடவில்லை. இரு நெறியும் இருந்த இடத்திலேயே இருக்க, நடுவில் உணவு மட்டும் நகர்ந்தது.

ஆதிரையிட்ட பிச்சை

மணிமேகலைக் காப்பியத்தின் அமுதசுரபியை அறியாத தமிழர் இலர். அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் அது. ஆனால் அது தானே சுரக்கத் தொடங்கவில்லை. கோமுகிப் பொய்கையிலிருந்து எழுந்து மணிமேகலையின் கையை அடைந்தபோதும் அது வெறும் பாத்திரமே. புகார் நகரில் ஆதிரை என்னும் இல்லறத்தாள் முதற்பிச்சை இட்ட பின்னரே அது உலகோர் பசியைப் போக்கத் தொடங்கியது. ஊருக்கெல்லாம் ஈய வேண்டிய பாத்திரமும் முதலில் ஒருத்தியிடம் ஏற்க வேண்டியிருந்தது! இதனினும் தெளிவாக ஏற்றலின் பெருமையை எவர் உரைக்க வல்லார்?

புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இக்கதை மிகப் பொருந்தும். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களின் வரலாற்றைத் திருப்பிப் பார்த்தால், முதற்பக்கத்தில் ஓர் ஏற்றலே இருக்கும். இரயிலிறங்கிய முதல் இரவு யாரோ ஒருவர் திண்ணையில் இடம் கொடுத்தார். யாரோ ஒருவர் ஒரு வேளைச் சோறு போட்டார். யாரோ ஒருவர் வேலைக்குச் சொல்லிவைத்தார். இன்று நமக்குச் சங்கங்கள் உண்டு, பள்ளிகள் உண்டு, கோயில்கள் உண்டு. கொடுக்கும் நிலைக்கு உயர்ந்துவிட்டோம். உயர்ந்தபின் ஏற்ற நாளை மறந்துவிடுவது மனித இயல்பு. மறவாதிருக்கப் பழகுவதே பண்பு. நோன்பின் பயனும் அதுவே. வளமுடையவனையும் ஆண்டுக்கொரு முறை பசித்தவன் வரிசையில் அமர்த்தி, ஒரு பழத்துக்காகவும் ஒரு மிடறு நீருக்காகவும் காத்திருக்க வைக்கிறது.

பிறையை வைத்து எண்ணும் ஆண்டு கதிரவன் ஆண்டினும் ஏறத்தாழ பதினொரு நாள் குறைந்தது. அதனால் ரமலான் ஆண்டுதோறும் முன்னோக்கி நகர்ந்து, ஏறக்குறைய 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. 1993இல் பிப்ரவரியில் பிறந்த நோன்பு, ஒரு சுற்று முடித்து 2026இல் மீண்டும் பிப்ரவரியிலேயே பிறக்கிறது. அதே பிப்ரவரியில் கிறித்தவர்தம் தவக்காலமும் தொடங்குகிறது. காரடையான் நோன்பும் அந்நாள்களின் இடையே வருகிறது. ஒரே வானின் கீழ் மூன்று சமயத்தார் ஒருங்கே பசித்திருக்கும் காலம் அது. பத்து மாடி, இருபது மாடிக் கட்டடங்களில் வாழும் நம் பிள்ளைகளுக்குப் பின்சுவரும் இல்லை, அதன்மேல் நீட்டப்படும் பாத்திரமும் இல்லை. கதவு மூடியிருக்கிறது. கதவைத் தட்டிக் கொடுக்கக் கற்பிக்கும் பெற்றோர் பலர் உளர். தட்டுவோர்க்குத் திறந்து, வருவதை மலர்ந்த முகத்தோடு வாங்கி, உண்டு, உப்புக் குறைவாயின் அதனையும் சொல்லக் கற்பிப்பார் சிலரே.

நம் தாயார் இன்று இல்லை. அப்பித்தளைப் பாத்திரம் நம் இல்லத்தில் இருக்கிறது. கடைசியாக வந்த முறை அதனைத் திருப்பிக் கொடுக்குமுன் அவ்வீட்டார் வேறிடம் சென்றுவிட்டனர். அது நமக்குக் கடனாகவே தங்கிவிட்டது. கடனாக இருக்கட்டும் என்றே அதனைத் துலக்கி வைத்திருக்கிறோம்.